‘ஆஃப்’ என்றால் நிறுத்துவது மட்டுமா?

ஆங்கிலமே பேசாத பாட்டிக்கும் தெரிந்த ஆங்கிலச் சொற்களில் ஆஃப் ஒன்று. ஃபேனை ஆஃப் பண்ணு, டிவியை ஆஃப் பண்ணு, அடுப்பை ஆஃப் பண்ணினாயா இல்லையா? சிக்கலே அங்கேதான் தொடங்குகிறது. ஆஃப் என்றால் நிறுத்துவது, அணைப்பது என்று சின்ன வயதிலேயே மனத்தில் பதிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு எங்கே ஆஃப் வந்தாலும் ஏதோ ஒன்று நின்றுவிட்டது என்றே படித்துக்கொண்டு போகிறோம்.

இந்த இரண்டு வாக்கியங்களைப் பாருங்கள். ‘த லைட் வென்ட் ஆஃப்.’ ‘த ஃபயர் அலாரம் வென்ட் ஆஃப்.’ முதலாவதில் விளக்கு அணைந்துவிட்டது. இரண்டாவதில் தீ எச்சரிக்கை மணி அலறத் தொடங்கிவிட்டது, நீங்கள் செருப்பைக்கூடத் தேடாமல் மாடிப்படியில் இறங்க வேண்டும். இரண்டிலும் அதே ‘வென்ட் ஆஃப்’தான், ஆனால் ஒன்று நின்றது, இன்னொன்று தொடங்கியது. இங்கே சிங்கப்பூரில் அடுக்குமாடி புளோக்கின் வாட்ஸ்அப் குழுவில் நடு இரவில் வந்த இரண்டாவது வாக்கியத்தைப் படித்துவிட்டு, சரி, அலாரம் நின்றுவிட்டது போலிருக்கிறது என்று ஒருவர் திரும்பிப் படுத்துக்கொண்டால் அவரைக் குறைசொல்ல முடியாது.

ஆஃப் என்பதை ‘நிறுத்து’ என்று படிக்காமல் ‘விலகு’ என்று படித்துப் பாருங்கள், முக்கால்வாசிக் குழப்பம் தீர்ந்துவிடும். ஒன்றோடு ஒன்று தொட்டுக்கொண்டோ ஒட்டிக்கொண்டோ இருந்தது, இப்போது இல்லை. அவ்வளவுதான் அதன் அடிப்படை. ஆன் என்றால் ஒட்டியிருப்பது. பல்லி சுவரில் இருக்கும்வரை ‘ஆன் த வால்’, பிடி நழுவினால் ‘ஃபெல் ஆஃப் த வால்’.

பள்ளியில் படித்த ஐந்தாம் வேற்றுமை நினைவிருக்கிறதா? நீங்கல், ஒப்பு, எல்லை, ஏது என்று நான்கு பொருள் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். நீங்கலுக்கு ஆசிரியர்கள் தவறாமல் தரும் எடுத்துக்காட்டு ‘மலையின் வீழ் அருவி’. மலையைவிட்டு நீங்கி விழுகிற அருவி. ஆஃப் உட்கார்ந்திருப்பது அந்த நீங்கலில்தான். என்ன ஒன்று, தமிழில் ‘இலிருந்து’ வருகிற இடத்திலெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு ஆஃப் போட முடியாது. பிடோக்கிலிருந்து வருகிறேன் என்றால் ‘ஃப்ரம் பிடோக்’தான். ஃப்ரம் புறப்பட்ட இடத்தைச் சொல்கிறது, ஆஃப் பிடி விட்டுப்போனதைச் சொல்கிறது. ஏணியிலிருந்து விழுந்தால் ‘ஃபெல் ஆஃப் த லேடர்’. மேசைமேல் இருக்கும் தட்டை எடுக்கச் சொன்னால் ‘டேக் இட் ஆஃப் த டேபிள்’. அதே தட்டு அலமாரிக்குள் இருந்தால் ‘அவுட் ஆவ் த கப்போர்ட்’, ஏனென்றால் அங்கே ஒட்டியிருந்து விலகவில்லை, உள்ளே இருந்து வெளியே வருகிறது. (அந்த ‘ஆவ்’ வேறு சொல். அதைக் கடைசியில் பார்ப்போம்.)

பேருந்துக்கும் டாக்சிக்கும் உள்ள வித்தியாசம் இங்கேதான் புரியும். நமக்கு இரண்டிலிருந்தும் இறங்குவதுதான். ஆங்கிலத்தில் பேருந்து, ரயில், விமானம், கப்பல் எல்லாவற்றிலும் ‘கெட் ஆன்’, ‘கெட் ஆஃப்’. கார், டாக்சி என்றால் ‘கெட் இன்’, ‘கெட் அவுட்’. எழுந்து நின்று நாலு அடி நடக்க இடமிருக்கும் வண்டி என்றால் ஆன், ஆஃப். குனிந்து உள்ளே நுழைந்து உட்கார வேண்டிய வண்டி என்றால் இன், அவுட். சைக்கிள், மோட்டார்சைக்கிள், குதிரை எல்லாம் மேலே ஏறி உட்காருபவை, அதனால் அவையும் ஆன், ஆஃப். ஊரிலிருந்து புதிதாக வந்தவர்கள் ‘ஐ வில் கெட் டவுன் ஹியர்’ என்பார்கள், இறங்கு என்பதை அப்படியே எடுத்துப் போட்டது. இந்தியாவில் எல்லாருக்கும் புரியும், இங்கேயும் பேருந்து ஓட்டுநர் புரிந்துகொண்டு கதவைத் திறந்துவிடுவார். ஆனாலும் ‘கெட் ஆஃப்’ என்று பழகிக்கொள்வது நல்லது. சிங்கப்பூரில் அறிவிப்புப் பலகைகளிலும் பேச்சிலும் ‘அலைட்’ என்ற சொல்தான் அதிகம், அதுவும் இதே பொருள்தான்.

கோயில் வாசலில் செருப்பைக் கழற்றுவதும் விலகல்தான்: ‘டேக் ஆஃப் யுவர் ஷூஸ்’. சட்டை, தொப்பி, மூக்குக்கண்ணாடி, உடம்பில் ஒட்டிக்கொண்டிருக்கும் எதுவானாலும் கழற்றுவது டேக் ஆஃப். இங்கே ஒரு இலக்கண விதியையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளுங்கள், தொடக்க நிலையில் எல்லாரும் தடுமாறுகிற இடம் இது. ‘டேக் ஆஃப் த ஷூஸ்’ என்றும் சொல்லலாம், ‘டேக் த ஷூஸ் ஆஃப்’ என்றும் சொல்லலாம். ஆனால் ஷூஸ் என்பதற்குப் பதில் ‘தெம்’ என்று வந்தால் அது நடுவில்தான் உட்கார வேண்டும்: ‘டேக் தெம் ஆஃப்’. ‘டேக் ஆஃப் தெம்’ என்றால் தவறு. அதே மாதிரி ‘டர்ன் இட் ஆஃப்’ சரி, ‘டர்ன் ஆஃப் இட்’ தவறு. ஆனால் எல்லா ஆஃப் தொடர்களுக்கும் இந்த விதி பொருந்தாது. பேருந்தில் ‘கெட் ஆஃப் இட்’ என்றுதான் வரும், ஏனென்றால் நீங்கள் பேருந்தை எங்கும் கழற்றவில்லை, நீங்கள்தான் விலகுகிறீர்கள். எது விலகுகிறது என்று பார்த்தால் விதி தானாகவே வந்துவிடும்.

இனி விளக்கு. மின்சாரம் ஓட வேண்டுமென்றால் கம்பியும் கம்பியும் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். சுவிட்சைத் தட்டினால் அந்தத் தொடுகை விலகுகிறது. ஆக ஆஃப் என்பது விளக்கின் நிலையைச் சொல்வது என்பதைவிட இணைப்பின் நிலையைச் சொல்வது என்று வைத்துக்கொள்ளலாம். தண்ணீர்க் குழாயை மூடுவதும் எரிவாயுவை அடைப்பதும் இப்படித்தான், வந்துகொண்டிருந்தது நம்மைவிட்டு வெட்டுப்படுகிறது.

பொது ஆங்கிலத்தில் இந்த ஆஃப் தனியாக வினைச்சொல்லாக நிற்பதில்லை. ‘ஸ்விட்ச் ஆஃப்’, ‘டர்ன் ஆஃப்’ என்று முன்னால் ஒரு வினை வேண்டும். சிங்கப்பூரில் நாம் அந்த வினையை எடுத்துத் தூரப் போட்டுவிட்டோம். ‘ஆஃப் த லைட்’, ‘ஆஃப் த ஏர்கான்’, ‘யூ ஆஃப் ஆல்ரெடி ஆர் நாட்?’ சிங்கிலிஷ், அதாவது சிங்கப்பூர்ப் பேச்சு ஆங்கிலம், என்று கேலி செய்பவர்கள் செய்யட்டும், அதற்குள் ஒரு ஒழுங்கு இருக்கிறது. தமிழில் நாம் ஆஃப் என்பதோடு ‘பண்ணு’ சேர்த்து ஒரே சொல்லில் வேலையை முடிக்கிறோம். சீனமும் மலாயும் மூடு என்று பொருள்தரும் ஒரே வினையை விளக்குக்கும் கதவுக்கும் பயன்படுத்துகின்றன, அதனால்தான் ‘க்ளோஸ் த லைட்’ என்றும் இங்கே காதில் விழும். தாய்மொழியில் ஒரே சொல்லில் சொல்லிப் பழகியவர்கள் எல்லாரும் சேர்ந்து ஒரு ஆங்கிலம் பேசினால் ‘ஆஃப் த லைட்’ வரத்தானே செய்யும்? 2000ஆம் ஆண்டில் தொடங்கிய ஸ்பீக் குட் இங்கிலிஷ் இயக்கம் எத்தனையோ சுவரொட்டி ஒட்டியும் இந்த ஆஃப் அசையவில்லை. என் கருத்து, வீட்டிலும் கோப்பிக்கடையிலும் அது இருந்துவிட்டுப் போகட்டும். அலுவலக மின்னஞ்சலிலும் பிள்ளைகளின் கட்டுரைத் தாளிலும் மட்டும் ‘ஸ்விட்ச்’ என்பதை மறக்காமல் சேர்த்துவிடுங்கள். (குத்துவிளக்குக்கு மட்டும் நம் வீடுகளில் ஆஃபும் கிடையாது, அணைப்பதும் கிடையாது. குளிர வைப்பார்கள், மலையேற்றுவார்கள்.)

சரி, விலகல் என்பதை வைத்துக்கொண்டு ‘கோ ஆஃப்’ என்ற தொடருக்கு வருவோம். ஆஃபில் மிக மோசமான குறும்புக்காரன் இதுதான். விளக்கு கோ ஆஃப் என்றால் இணைப்பு விலகியது, அணைந்தது. ஒரு ஆள் கோ ஆஃப் என்றால் இருந்த இடத்தைவிட்டு விலகினார், அதாவது கிளம்பிப் போனார். பால் கோ ஆஃப் என்றால் நல்ல நிலையைவிட்டு விலகியது, கெட்டுவிட்டது. இது பிரிட்டிஷ் பழக்கம், இங்கேயும் புழக்கத்தில் உண்டு. கொஞ்ச நாளாக எனக்கு துரியான் பிடிக்கவில்லை என்பதற்கு ‘ஐ ஹேவ் கான் ஆஃப் துரியான்’ என்பார்கள், ஆசை விலகியிருக்கிறது. இதுவரை எல்லாம் ஒழுங்காக வருகிறது.

வெடிகுண்டும் துப்பாக்கியும் அலாரமும்தான் தலைகீழாகத் தெரிகின்றன. ‘த பாம் வென்ட் ஆஃப்’ என்றால் வெடித்தது. இதை இப்படி நினைத்துக்கொள்ளலாம்: துப்பாக்கியில் குதிரையைப் பின்னால் இழுத்துப் பிடித்து வைத்திருக்கிறார்கள், பிடி விலகினால் சீறிக்கொண்டு போகிறது. பழைய கடிகாரத்தில் முறுக்கி வைத்த சுருள் பிடி விட்டதும் மணி அடிக்கிறது. கட்டுப்பட்டிருந்த ஒன்று கட்டைவிட்டு விலகுகிறது. இந்தப் பார்வையில் அலாரமும் நம் விதிக்குள் வந்துவிடுகிறது.

சிங்கப்பூரில் இதற்கு நல்ல உதாரணம் உண்டு. 1942 பிப்ரவரி 15இல் பிரிட்டிஷ் படை ஜப்பானியரிடம் சரணடைந்ததை நினைவுகூர்ந்து, முழுமைத் தற்காப்பு தினத்தன்று மாலை 6.20க்குத் தீவு முழுவதும் எச்சரிக்கைச் சங்கு ஒலிக்கும். அதை ‘த சைரன்ஸ் வென்ட் ஆஃப் அட் சிக்ஸ் ட்வென்ட்டி’ என்று எழுதினால் 6.20க்கு ஒலித்தன என்று பொருள். நின்றன என்று சொல்ல வேண்டுமானால் ‘ஸ்டாப்ட்’ என்றே எழுதிவிடுங்கள், வம்பே வேண்டாம். அதேபோல் ‘த அலாரம் வாஸ் ஆஃப்’ என்றால் அலாரம் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. ‘வாஸ்’ வந்தால் நிலை, ‘வென்ட்’ வந்தால் நிகழ்வு. இந்த ஒரு வேறுபாடு தெரிந்தால் போதும்.

வேலையிடத்து ஆஃப்

இது பணம் சம்பந்தப்பட்டது, அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம்.

நாளைக்கு எனக்கு ஆஃப் என்று இங்கே சொல்லாத தொழிலாளி கிடையாது. வேலையைவிட்டு விலகியிருக்கும் நாள், சரிதான். முதல் தொல்லை தமிழில் எழுதும்போது வருகிறது. அரை நாள் என்பதற்கான ஆங்கிலச் சொல்லையும் பலர் ஆஃப் என்றே எழுதுகிறார்கள். ‘அண்ணே, நாளைக்கு நான் ஆஃப் டே’ என்று ஒரு குறுஞ்செய்தி வந்தால், தம்பி காலையில் வந்துவிட்டு மதியம் போகப் போகிறாரா, வரவே மாட்டாரா? மேற்பார்வையாளர் அண்ணன் பாவம். அரை நாளுக்கு ‘ஹாஃப்’ என்று ஹ போட்டு எழுதுவது ஒரு வழி. அரை நாள் என்றே எழுதிவிடுவது அதைவிட நல்ல வழி.

இரண்டாவது, எல்லா ஆஃபும் ஒன்றல்ல. சட்டத்தில் வாரத்துக்கு ஒரு முழு நாள் ‘ரெஸ்ட் டே’ உண்டு, அதாவது ஓய்வு நாள். வாரத்துக்கு ஐந்து நாள் வேலை என்றால் ஒரு நாள் ஓய்வு நாள், மிச்சமிருக்கும் இன்னொரு நாள் வேலையில்லாத நாள். பேச்சில் இரண்டையும் ஆஃப் டே என்று சேர்த்துக் கட்டிவிடுகிறோம். ஆனால் ஓய்வு நாளில் முதலாளி கூப்பிட்டு வேலை செய்தால், வேலை நியமனச் சட்டத்தின் நான்காம் பகுதிக்குள் வருகிறவர்களுக்கு (குறிப்பிட்ட சம்பள வரம்புக்கு உட்பட்டவர்களுக்கான பகுதி அது), வழக்கமான வேலை நேரத்தில் பாதி வரைக்கும் ஒரு நாள் சம்பளம், பாதிக்கு மேல் போனால் இரண்டு நாள் சம்பளம். மற்ற வேலையில்லாத நாளுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. ஆகவே ஒப்பந்தத்தில் எந்தக் கிழமை ரெஸ்ட் டே என்று போட்டிருக்கிறது என்பதைப் பாருங்கள். வாய்வார்த்தையாக ‘சண்டே ஆஃப்’ என்று சொன்னார்கள் என்பது பிறகு வாதாட உதவாது.

‘ஆஃப் இன் லியூ’ என்ற தொடர் பலருக்குப் புரிவதில்லை. லியூ பிரெஞ்சிலிருந்து வந்த சொல், இடம் என்று பொருள். ‘இன் லியூ’ என்றால் அதன் இடத்தில், அதற்குப் பதிலாக. நமக்கு ஆண்டுக்கு 11 பொது விடுமுறைகள். தீபாவளி உங்கள் ஓய்வு நாளில் வந்து விழுந்தால் அடுத்த வேலை நாள் சம்பளத்தோடு விடுமுறை. ஐந்து நாள் வேலைக்காரருக்கு வேலையில்லாத சனிக்கிழமையில் விழுந்தால், பதிலுக்கு ஒரு நாள் ஆஃப் அல்லது ஒரு நாள் கூடுதல் சம்பளம். அந்தப் பதில் நாளைத்தான் ஆஃப் இன் லியூ என்கிறார்கள். தேசிய சேவை செய்த பையன்கள் இதைப் பற்றி உங்களுக்கே வகுப்பு எடுப்பார்கள்.

வீட்டுப் பணிப்பெண்களின் ஓய்வு நாளையும் நாம் ஆஃப் என்றே சொல்கிறோம். 2013 ஜனவரியிலிருந்து வாரம் ஒரு ஓய்வு நாள் என்பது சட்டமானது. அவர் ஒத்துக்கொண்டால் அந்த நாளுக்குப் பதில் பணம் கொடுக்கலாம் என்று இருந்தது. 2023 ஜனவரியிலிருந்து மாதத்தில் குறைந்தது ஒரு ஓய்வு நாளைப் பணம் கொடுத்துச் சரிக்கட்ட முடியாது, அது அவருடையது. ‘ஆஃப் கொடுத்தேன்’ என்று ஏதோ சலுகை செய்ததைப் போலப் பேசுவது எனக்குப் பிடிப்பதில்லை, சட்டப்படி வரவேண்டிய நாள் அது.

இங்கேயுள்ள இன்னொரு வழக்கம், சேர்ந்துபோன விடுப்பைத் தீர்ப்பதை ‘க்ளியர்’ என்பது. க்ளியர் லீவ், க்ளியர் ஆஃப். ‘டுமாரோ ஐ க்ளியர் ஆஃப்’ என்று லண்டன்காரர் ஒருவரிடம் சொன்னால் கொஞ்சம் விழிப்பார், ஏனென்றால் அங்கே ‘க்ளியர் ஆஃப்!’ என்றால் இடத்தைக் காலி பண்ணு, போய்த் தொலை. ‘ஐ ஆம் டேக்கிங் ஆஃப் டுமாரோ’ என்று சொன்னாலும் அப்படித்தான், சாங்கியிலிருந்து எங்கேயோ பறக்கப் போகிறீர்கள் என்று நினைப்பார். பொது ஆங்கிலத்தில் ‘ஐ ஆம் டேக்கிங் டுமாரோ ஆஃப்’, அல்லது ‘டேக்கிங் அ டே ஆஃப்’. நாள் நடுவில் வர வேண்டும். வெறுமனே டேக் ஆஃப் ஆவது விமானம். அது ஓடுபாதையைவிட்டு விலகி மேலே கிளம்புவது. ஒரு வியாபாரம் நன்றாகச் சூடுபிடித்தாலும் ‘இட் டுக் ஆஃப்’தான்.

அப்புறம் நாக் ஆஃப். ‘அண்ணே, எத்தனை மணிக்கு நாக் ஆஃப்?’ கட்டுமானத் தளத்திலிருந்து வங்கி வரை இதே கேள்விதான். இது சிங்கிலிஷ் என்று நினைத்து வெட்கப்பட வேண்டாம், வேலை முடித்துக் கிளம்புவது என்ற பொருளில் பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் இந்தத் தொடர் உண்டு. கவனிக்க வேண்டியது அதன் மற்ற முகங்களை. ‘நாக் ஆஃப் ஃபைவ் டாலர்ஸ்’ என்று கடைக்காரர் சொன்னால் ஐந்து வெள்ளி குறைக்கிறார். அந்தப் பை ஒரு நாக் ஆஃப் என்றால் போலிச் சரக்கு. ‘நாக் இட் ஆஃப்!’ என்று ஆசிரியர் குரலை உயர்த்தினால் அந்தச் சேட்டையை நிறுத்து.

விலைப் பலகையில்

தள்ளுபடியில் ஆஃப் என்பது விலையிலிருந்து கழன்று விழுகிற பகுதி. 70 விழுக்காடு ஆஃப் என்றால் நீங்கள் கொடுப்பது மிச்சமிருக்கும் 30. இதைத் தனியாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. சீனக் கடைகளில் 7 என்ற எண்ணும் பக்கத்தில் ஒரு சீன எழுத்துமாகத் தொங்கும் பலகை நேர் எதிரானது. பத்தில் ஏழு பங்கு கொடு என்று அதற்குப் பொருள், அதாவது 30 விழுக்காடு ஆஃப்தான். சீனம் கொடுக்க வேண்டியதைச் சொல்கிறது, ஆங்கிலம் கழிந்ததைச் சொல்கிறது. அந்தச் சீன எண் சிறியதாக இருந்தால்தான் நமக்கு லாபம்.

இன்னொரு தந்திரம், ‘20 விழுக்காடு ஆஃப், அதற்கு மேல் இன்னும் 10 விழுக்காடு ஆஃப்’. கூட்டி 30 என்று மனக்கணக்குப் போடுவோம். 100 வெள்ளிச் சட்டை முதலில் 80 ஆகிறது. அடுத்த 10 விழுக்காடு அந்த 80இலிருந்துதான் கழிகிறது, ஆக 72 வெள்ளி. இரண்டு வெள்ளி வித்தியாசம்தான், ஆனால் தொலைக்காட்சிப் பெட்டிக்குப் போட்டுப் பாருங்கள். ‘அப் டு 70 விழுக்காடு’ என்று இருந்தால் அந்த 70 கடையின் மூலையில் யாரும் தொடாத ஏதோ ஒரு செருப்புக்கு மட்டும் இருக்கலாம்.

முடிப்பதும் தள்ளிப்போடுவதும்

‘ஃபினிஷ் ஆஃப்’, ‘பே ஆஃப்’, ‘செல் ஆஃப்’. இந்த ஆஃப் எதற்கு, ஃபினிஷ் என்றாலே முடி என்றுதானே? தமிழில் ‘முடி’ என்பதற்கும் ‘முடித்துவிடு’ என்பதற்கும் என்ன வித்தியாசமோ அதுதான் இங்கேயும். ‘பே த லோன்’ என்றால் கடன் தவணையைக் கட்டுகிறீர்கள். ‘பே ஆஃப் த லோன்’ என்றால் கட்டித் தீர்த்துவிட்டீர்கள், வங்கிக்கும் உங்களுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. நம்முடைய துணைவினை ‘விடு’ அடிப்படையில் கைவிடுவது, நீங்குவது என்ற பொருளிலிருந்து வந்து முழுமையைக் காட்டுகிறது. ஆஃபும் நீங்கலிலிருந்து முழுமைக்கு வந்திருக்கிறது. தமிழ்க்காரருக்கு ஆங்கிலத்தில் இவ்வளவு சுலபமாகப் பிடிபடக்கூடிய இடங்கள் குறைவு. வாக்கியத்தைத் தமிழில் சொல்லிப் பாருங்கள், ‘விடு’ அல்லது ‘தீர்’ இயல்பாக வந்து ஒட்டினால் பெரும்பாலும் ஆஃப் ஒட்டும்.

‘புட் ஆஃப்’ என்பதும் ‘கால் ஆஃப்’ என்பதும் அடிக்கடி மாறிப்போகிற இரட்டையர். புட் ஆஃப் என்றால் தள்ளிப்போடுவது, கால் ஆஃப் என்றால் கைவிடுவது. 2020இல் நடக்கவிருந்த தோக்கியோ ஒலிம்பிக் 2021க்குத் தள்ளிப்போனது, அது புட் ஆஃப். நம் ஊரில் இரவில் நடக்கும் ஃபார்முலா ஒன் பந்தயம் 2020இலும் 2021இலும் நடக்கவே இல்லை, அது கால் ஆஃப். 2021 தைப்பூசத்தன்று சீனிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து தண்டாயுதபாணி கோயிலுக்குக் காவடியோடு நடந்து போகும் ஊர்வலம் இல்லை என்றார்கள். அதுவும் கால் ஆஃப், ஆனால் பூசை நடந்தது, ஆகவே தைப்பூசமே கால் ஆஃப் என்று எழுதினால் தவறு. புட் ஆஃப் என்பதற்கு இன்னொரு பொருளும் இருக்கிறது. ‘த ஸ்மெல் புட் மி ஆஃப்’ என்றால் அந்த வாடையிலேயே வெறுத்துப்போய்விட்டது. முன்னால் பார்த்த துரியான் கதைதான்.

இடத்தைச் சொல்லும் ஆஃபைச் சட்டென்று பார்த்துவிடலாம். கேம்பல் லேன் எங்கே இருக்கிறது என்றால் ‘ஆஃப் சிராங்கூன் ரோடு’, அதாவது பெரிய சாலையிலிருந்து கிளை பிரிகிற சின்னத் தெரு. முகவரியில் ஆஃப் பார்த்தால் அந்தப் பெரிய சாலையிலேயே வீட்டு எண்ணைத் தேடிக்கொண்டு நடக்காதீர்கள், திரும்பி உள்ளே போக வேண்டும். கடலில் என்றால் கரையைவிட்டுக் கொஞ்சம் விலகி. 1999இல் செயல்படத் தொடங்கிய குப்பை நிரப்பிடமான செமக்காவ் தீவு, தெற்கே சுமார் 8 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது, அதனால் அது ‘ஆஃப்ஷோர்’.

சிவப்பு எண் பலகை போட்ட கார்களைப் பார்த்திருப்பீர்கள். அவை ‘ஆஃப் பீக்’ கார்கள், நெரிசல் உச்சத்தைவிட்டு விலகிய நேரத்தில் ஓடுவதற்கானவை. 1994இல் வந்த திட்டம். வார நாள்களில் காலை 7 மணியிலிருந்து மாலை 7 மணி வரை எடுக்கக்கூடாது, எடுத்தே ஆக வேண்டுமென்றால் 20 வெள்ளிக்கு ஒரு நாள் உரிமம் வாங்க வேண்டும். வண்டி ஓட்டக் கற்றுக்கொள்பவர்கள் ‘ஆஃப்சைடு’ என்று கேட்டால் அது நடைபாதையிலிருந்து தள்ளியிருக்கும் பக்கம், நம் சாலைகளில் ஓட்டுநர் உட்காரும் வலப்பக்கம். குதிரை காலத்துச் சொல். குதிரையில் இடப்பக்கமாக ஏறுவார்கள், அது நியர் சைடு, மறுபக்கம் ஆஃப் சைடு. கிரிக்கெட்டில் ஆஃப் சைடு, மட்டையாளர் நிற்கும் தோரணையில் அவருடைய காலுக்கு எதிர்ப்புறம், மட்டை நீட்டும் பக்கம். அந்தப் பக்கத்திலிருந்து வலக்கை மட்டையாளரின் காலை நோக்கித் திரும்புகிற பந்துதான் ஆஃப் ஸ்பின், முரளிதரன் 800 டெஸ்ட் விக்கெட் எடுத்தது அதில்தான். காற்பந்தின் ஆஃப்சைடு வேறு. அதை இங்கே விளக்க ஆரம்பித்தால் கட்டுரை முடியாது.

இன்னும் சில தொடர்கள் அகராதியில் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருக்கும். ‘டெல் ஆஃப்’ திட்டுவது, ‘ஷோ ஆஃப்’ பீற்றிக்கொள்வது, ‘டோஸ் ஆஃப்’ கண் அயர்வது, ‘ரிப் ஆஃப்’ பகல்கொள்ளை விலை, ‘வெல் ஆஃப்’ வசதியானவர். கடைசியில் சொன்னதற்கு விலகலைத் தேடி மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம், அப்படியே மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். ‘சம்திங் இஸ் ஆஃப்’ என்று யாராவது சொன்னால் மட்டும் காது கொடுங்கள். ஏதோ சரியில்லை, இருக்க வேண்டிய விதத்திலிருந்து விலகியிருக்கிறது என்று பொருள். வங்கியிலிருந்து பேசுவதாகச் சொல்லும் தொலைபேசி அழைப்புக்கு மிகப் பொருத்தமான வாக்கியம் அது.

இனி அந்த ‘ஆவ்’. ‘கப் ஆவ் காஃபி’, ‘அவுட் ஆவ் த கார்’ என்பவற்றில் வருவது ஒரே ஒரு எஃப் எழுத்து உள்ள சொல், நம் ஆஃபில் இரண்டு எஃப். ஒரு காலத்தில் இரண்டும் ஒரே சொல்தான். பழைய ஆங்கிலத்தில் அழுத்திச் சொன்னால் ஒரு ஒலி, அழுத்தாமல் வாக்கியத்தின் நடுவே ஓடவிட்டால் இன்னொரு ஒலி என்று இருந்தது, பிறகு எழுத்திலும் பிரிந்துவிட்டன, பதினேழாம் நூற்றாண்டு வாக்கில்தான் பிரிவு நிலைத்தது. அழுத்திச் சொன்னது விலகலை எடுத்துக்கொண்டது, அழுத்தாதது உடைமை, பகுதி, உறவு என்று லேசான வேலைகளுக்குப் போய்விட்டது. ஒற்றை எஃப் இருப்பதை வகர ஒலியோடு முடிக்க வேண்டும், இரட்டை எஃப் இருப்பதைக் காற்று ஊதி முடிக்க வேண்டும். நாம் தமிழில் இரண்டையும் ‘ஆஃப்’ என்றே எழுதுவதால் பேசும்போதும் ‘கப் ஆஃப் காஃபி’ என்று வந்துவிடுகிறது. பிள்ளைகளின் கட்டுரையில் எழுத்துப் பிழையாக அது எட்டிப் பார்க்கும்போது, இரண்டு சொல்லையும் வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள். உதடும் பல்லும் சேர்ந்து ‘வ்’ என்று அதிர்ந்தால் ஒரு எஃப், அதிராமல் காற்று மட்டும் வந்தால் இரண்டு.